ரெக்சின் குழுவின் டிரம்ஸ்காரி

பேருந்து இருக்கை தைக்கிற மெஷினில் உட்காருவது லேசுப்பட்ட வேலையா என்ன? ஒரு கால் வேகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொரு காலின் முழங்கால், துணியை அழுத்தும் பாதத்தை அவ்வப்போது தூக்கிவிட வேண்டும். இரண்டு கைகளும் முரட்டு ரெக்சினை ஆளுக்கொரு பக்கம் இழுத்துத் திருப்ப வேண்டும். இத்தனைக்கும் நடுவில் முகம் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அக்காவின் முகம் அப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்துத்தான் அவள் தம்பி ஒருநாள், "அக்கா, நீ டிரம்ஸ் வாசிக்கலாம்," என்றான்.

அவள் அவனுக்கு மட்டும்தான் அக்கா. ஆனால் அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுப் பட்டறை முழுக்க அப்படியே கூப்பிட ஆரம்பித்தது. அவளைவிடப் பத்து வயது மூத்த டிரைவர்கள்கூட, "அக்கா, நம்ம வண்டி சீட்டு ரெடியா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு இது தேவையா? நாம் மட்டும் ஏன் மாற்ற வேண்டும், அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

தம்பி ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். பகலெல்லாம் மற்றவர்களின் எழுத்தில் குற்றம் கண்டுபிடித்துவிட்டுச் சாயங்காலம் சொந்தமாகப் பாட்டு எழுதுவான். கிட்டார் வாசிப்பான், பாடுவான். அவனோடு கல்லூரியில் படித்த ஒருவன் மருந்துக் கடையில் வேலை பார்த்தான். அவனிடம் ஒரு பேஸ் கிட்டார் இருந்தது. எதைச் சொன்னாலும் மாத்திரை சொல்கிற மாதிரியே சொல்வான். "இந்த இடத்துல ரெண்டு அடி, சாப்பாட்டுக்கு முன்னாடி" என்பான். அவனுக்கு மருந்துக்கடை என்றே பெயராகிவிட்டது. இந்த மூன்று பேரும் சேர்ந்ததுதான் ரெக்சின் என்கிற ராக் குழு. பெயர் வைத்தது அக்கா. நல்ல பெயர் தேடி இரண்டு ஆண்களும் இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, "இதுல என்னடா யோசன? கிழியாது, மழ பட்டாலும் ஒண்ணும் ஆகாது. ரெக்சின்னு வைங்க," என்று நூலைக் கடித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

கலைந்துபோன ஒரு கச்சேரிக் குழுவிடமிருந்து பழைய டிரம்ஸ் வந்து சேர்ந்தது. உட்காரும் முக்காலியின் மெத்தை கிழிந்து பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்தது. அக்கா டிரம்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதலில் அந்த முக்காலியை எடுத்துப்போய் இரட்டைத் தையல் போட்டுக்கொண்டு வந்தாள். அதற்கப்புறம்தான் குச்சியைக் கையில் எடுத்தாள்.

சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. போனில் வீடியோ பார்ப்பாள். மெஷின் ஓடும்போது கால் தானாகத் தாளம் போடும். வெட்டு மேசையில் இரண்டு கத்தரிக்கோலைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பார்ப்பாள். பட்டறை அவளுடைய தாய்மாமாவுக்குச் சொந்தம். அவர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு, "தாயே, உனக்குப் புண்ணியமாப் போகும். பின்னாடி ஃபோம் குடோன் இருக்கு, ஞாயித்துக்கிழம அங்க போய் எதையோ ஒடைங்க. என் மேசைய விட்டுடு," என்றார்.

குடோன் என்றால் சுவரே தெரியாத அறை. தரையிலிருந்து கூரைவரை ஃபோம் பலகைகள், சுருட்டிய ஃபோம் உருளைகள், வெட்டியது போக மிச்சம் கிடந்த துண்டு மூட்டைகள். நடுவில் மூன்று பேர் நிற்க இடம். கதவைச் சாத்திவிட்டு என்ன அட்டகாசம் செய்தாலும் வெளியே ஒரு சத்தம் வராது. முதல் ஞாயிறு வாசித்து முடித்து வெளியே வந்தபோது மாமா, "என்ன, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டார். மூன்று பேருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. இப்படி ஒரு இடம் எந்தக் குழுவுக்குக் கிடைக்கும் என்று பூரித்துப்போனார்கள். சனியன் அந்த இடத்தில்தான் குந்திக்கொண்டிருந்தது என்பது அப்போது யாருக்குத் தெரியும்?

ஃபோம் சத்தத்தை வெளியே விடாது, சரி. உள்ளேயும் விடாது. அடித்த அடி அந்த இடத்திலேயே செத்துப்போகும். கேட்கவில்லையே என்று அக்கா இன்னும் ஓங்கி அடிப்பாள். அவள் அடிக்கிறாளே என்று தம்பி தொண்டை நரம்பு புடைக்கக் கத்துவான். அவன் கத்துகிறானே என்று மருந்துக்கடை கிட்டார் சத்தத்தைக் கூட்டுகிற குமிழைத் திருப்புவான். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. எட்டுப் பாட்டு தயார் ஆனது. தம்பி பாட்டுகளுக்குப் பெயர் வைக்க மாட்டான், நோட்டையும் காட்ட மாட்டான். "எழுதி முடிச்சதும் காட்றேன்" என்பான், எழுதி முடிக்கவே மாட்டான். ஆகவே ஒன்றாவது பாட்டு, இரண்டாவது பாட்டு என்று எண்தான். அக்காவுக்கு எந்தப் பாட்டிலும் ஒரு வரி தெரியாது. எங்கே கத்தல் ஆரம்பிக்கும், எத்தனை அடி கழித்து நிற்கும் என்று மட்டும் தெரியும். வாரம் ஆறு நாள் பட்டறை வேலை. ஏழாவது நாள் வேர்த்து ஊற்ற ஐந்து மணி நேரம் டிரம்ஸ். உள்ளங்கையில் ஊசி குத்திய தழும்புக்குப் பக்கத்தில் குச்சி உரசிய காய்ப்பு. ஒருநாள்கூட அவள் வரவில்லை என்று கிடையாது. இதைப் பாராட்டாமல் வேறு எதைப் பாராட்டுவது?

முதல் மேடை நகராட்சிக் கூடத்தில் கிடைத்தது. வாசகசாலை ஆண்டு விழா, மத்தியானம் மூன்று மணி. நீளமான கூடம். தரை மொசைக், சுவர் பாதிவரை ஓடு பதித்தது, மேலே தகரக் கூரை. இருநூறு நாற்காலி, முக்கால்வாசி ஆள். அம்மா முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அக்கா நாலு எண்ணி அடித்தாள். குடோனில் அடிக்கிற அதே அடி. அவ்வளவுதான், கூடமே அதிர்ந்தது. முன்வரிசையில் பாதிப் பேர் காதைப் பொத்தினார்கள். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் அடித்த ஒவ்வொரு அடியும் பின்சுவரில் மோதி, ஒரு கண் சிமிட்டும் நேரம் தாமதமாகத் திரும்பி வந்தது. எதிரொலி என்று ஒன்று உலகத்தில் இருப்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் டிரம்ஸுக்கு எதிரொலி உண்டு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இரண்டு வருஷத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லையே! மருந்துக்கடைதான் பின்தங்குகிறான் என்று நினைத்தாள். பாவம், பையன் பயந்துவிட்டான், கொஞ்சம் நின்று கூட்டிக்கொண்டு போவோம் என்று வேகத்தைக் குறைத்தாள். அக்கா பின்தங்குகிறாள் என்று அவன் குறைத்தான். இவர்கள் குறைக்கக் குறைக்கத் தம்பியும் குறைத்தான். ஒருத்தருக்கு ஒருத்தர் வழிவிட்டு வழிவிட்டு, முதல் பாட்டு பாதியில் ஊர்ந்து, தவழ்ந்து, தானாகவே நின்றுபோயிற்று.

பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து யாரோ கைதட்டினார்கள். அதற்கப்புறம் சிரிப்பு வந்தது. இரண்டாவது பாட்டுக்கும் அதே கதிதான். மூன்றாவதைத் தொடுவதற்குள் விழாக் கமிட்டிக்காரர் மேடையேறி, "தம்பிகளுக்கு நன்றி," என்று மைக்கை வாங்கிக்கொண்டார். தம்பிகளாம்! அக்கா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே, உட்கார்ந்திருந்த நாற்காலியின் மெத்தை ஓரம் தையல் விட்டிருப்பதைக் கவனித்தாள். பக்கத்து நாற்காலியைத் தடவினாள், அதுவும் விட்டிருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே அந்த வரிசையில் எத்தனை கிழிசல் என்று எண்ணிவிட்டுத்தான் எழுந்தாள். மறுநாள் மாமாவிடம் சொல்ல, மாமா ஓடிப்போய் அந்த இருநூறு நாற்காலி வேலையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

விழா நடந்த அன்று சாயங்காலம் வீட்டில் தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை.

"அக்கா, அடுத்த மாசம் அதே கூடத்துல பத்துக் குழு வாசிக்கிறாங்க. நம்ம பேரும் இருக்கு."

"தெரியும்."

"அன்னிக்கு ஒரு நாள் மட்டும் வேற ஆள் டிரம்ஸ் வாசிக்கட்டுமா? முறையா கிளாஸுக்குப் போய் கத்துக்கிட்ட பையன். இன்னொரு தடவ அப்படி நின்னா, அதுக்கப்புறம் நம்மள யாருமே கூப்பிட மாட்டாங்க."

அக்காவுக்குச் சோற்றுத் தட்டைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. "ஒரு நாள் மட்டும்" என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? ஒரு நாள் நன்றாக வாசித்தவனை மறுநாள் யார் எழுப்பிவிடுவார்கள்? வாரம் ஆறு நாள் ஊரார் உட்கார இருக்கை தைக்கிறவளுக்கு, தனக்கென்று இருந்த இடம் அந்த முக்காலி ஒன்றுதான். "நான்தான் நின்னேனா? நீ நிக்கல?" என்று கேட்டாள். அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "முதல்ல சாப்பிடுங்க," என்றாள்.

கூடத்தின் நாற்காலி வேலை மறுவாரம் தொடங்கியது. நாற்காலிகளைத் தரையோடு முடுக்கியிருந்ததால் அங்கேயே உட்கார்ந்துதான் மாற்ற வேண்டும். பழைய உறையைக் கிழித்து, புது ஃபோம் வைத்து, ரெக்சினை இழுத்துப் பிடித்து, சின்னச் சுத்தியலால் ஆணி அடிக்க வேண்டும். அக்கா தனியாகத்தான் போனாள். முதல் ஆணியில் ஓங்கி ஒரு அடி. டக். பின்சுவர் திருப்பிச் சொன்னது, டக்.

கையை அப்படியே நிறுத்தினாள். இன்னொரு அடி. டக். டக். எழுந்து நின்று சுவரை முறைத்தாள். "அடப்பாவி, நீதானா?" என்று சத்தமாகவே கேட்டாள். அதையும் சுவர் திருப்பிக் கேட்டது.

மனுஷிக்கு வந்ததே கோபம்! ஆனால் சுவரோடு சண்டை போட்டு என்ன பிரயோஜனம்? அன்றிலிருந்து ஆணி அடிப்பதே அவளுக்குப் பயிற்சி ஆனது. ஓங்கி அடித்தால் சுவர் வாய் திறக்கும். மணிக்கட்டை மட்டும் அசைத்து அளவாகத் தட்டினால் சுவருக்குக் கேட்கவே கேட்காது, ஆணியும் நேராக இறங்கும். தையல்காரிக்கு இன்னொரு விஷயமும் தெரியும். ஊசியைப் பார்த்துத் தைத்தால் கோடு கோணும், முன்னால் போக வேண்டிய கோட்டைப் பார்த்துத்தான் தைக்க வேண்டும். அதே மாதிரி, திரும்பி வருகிற சத்தத்தைக் கேட்காமல் அடுத்து அடிக்கப்போகிற அடியை மனதுக்குள் கேட்டுப் பழகினாள். ஒரு நாற்காலிக்கு இருபது ஆணி. இருநூறு நாற்காலி. எந்தக் கிளாஸில் இத்தனை பாடம் நடத்துவார்கள்?

பத்துக் குழு நிகழ்ச்சிக்கு முதல் நாள் சனிக்கிழமை. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மணி நேரம் மேடையில் ஒத்திகை பார்க்கக் கொடுத்திருந்தார்கள். அக்காவுக்குக் கடைசி வரிசையில் ஏழு நாற்காலி பாக்கி. காலை பத்து மணிக்குத் தம்பி வந்தான், மருந்துக்கடை வந்தான், தம்பி ஏற்பாடு செய்த அந்தக் கிளாஸ் பையனும் வந்தான். பத்தொன்பது வயது இருக்கும். நல்ல பிள்ளை, நேராக அவளிடம் வந்து, "வணக்கம்க்கா, தப்பா நெனச்சுக்காதீங்க," என்றான். அவள் வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டிருந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

அவள் முக்காலியில் அவன் உட்கார்ந்தான். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகவே வாசித்தான். சுவர் என்ன கூப்பாடு போட்டாலும் அவன் கை பிசகவில்லை. ஆனால் அவன் பழகியது, தம்பி குடோனில் போனில் பதிவு செய்து கொடுத்ததைக் கேட்டு. அதே ஓங்கிய அடி. தம்பியும் அதே கத்தல். கூடம் முழுக்க இரைச்சல் நிரம்பி வழிந்தது. அக்கா நாலு ஆணியைக் கோணலாக அடித்தாள். ஐந்தாவது ஆணி விரலில் இறங்கியது. விரலை வாயில் வைத்துக்கொண்டு எழுந்தாள், விறுவிறுவென்று நடந்து மேடையேறினாள்.

"தம்பி, கொஞ்சம் எந்திரி. ஒரே ஒரு பாட்டு," என்றாள் கிளாஸ் பையனிடம்.

"அக்கா, நேரம் இல்ல," என்றான் அவள் தம்பி.

"மூணாவது பாட்டு. எடு."

மருந்துக்கடை பேஸ் கிட்டாரைச் சரிசெய்துகொண்டு தயாரானான். வேறு வழியில்லாமல் தம்பியும் மைக்கைப் பிடித்தான். அக்கா நாலு எண்ணினாள். ஆணி அடிக்கிற அதே மணிக்கட்டால் அடித்தாள். சுவர் வாயை மூடிக்கொண்டது.

தம்பி பழக்கதோஷத்தில் ஒரு வரியைக் கத்தினான். அவன் குரல் மட்டும் தனியாகப் போய் மோதித் திரும்பியதும் அவனே திடுக்கிட்டான். அடுத்த வரியில் குரலை இறக்கினான். அதற்கடுத்த வரியில் இன்னும் இறக்கினான். பேசுகிற மாதிரி பாடினான். இரண்டு வருஷத்தில் முதன்முறையாக அக்காவுக்கு வார்த்தை கேட்டது.

*ரெண்டு ஃபாரம் வாங்கிட்டு வந்தோம்*
*ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு*

அவள் கை நின்றுவிட்டது.

"என்னக்கா ஆச்சு? நல்லாத்தானே போச்சு?" என்றான் மருந்துக்கடை.

அக்கா தம்பியையே பார்த்தாள். "இது யாரப் பத்தின பாட்டு?"

"என்னக்கா கேக்குற? ரெண்டு வருஷமா நீதானே இதுக்கு வாசிக்கிற."

"எனக்கு உன் கத்தல்தான்டா கேட்டுச்சு. வார்த்த எங்க கேட்டுச்சு?" என்றாள். பிறகு குச்சிகளைக் கிளாஸ் பையனிடம் நீட்டினாள். "தம்பி, நீ உக்காந்து வாசி. நான் இப்ப அடிச்ச மாதிரி, மெதுவா. நான் இத முழுசா கேக்கணும்."

இறங்கி வந்து முன்வரிசை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள். பையன் கெட்டிக்காரன், அப்படியே மெதுவாக வாசித்தான். தம்பி அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு பாடினான்.

*ரெண்டு ஃபாரம் வாங்கிட்டு வந்தோம்*
*ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு*
*உன்னோடத மடிச்சு அரிசி டப்பாவுக்குப் பின்னாடி வச்சுட்டு*
*தொலஞ்சுபோச்சுன்னு வீடெல்லாம் தேடுன*
*நானும் உங்கூடச் சேர்ந்து தேடுனேன்*
*எங்க இருக்குன்னு தெரிஞ்சே தேடுனேன்*

இந்த விஷயத்தை இதுவரை சொல்லாததற்குக் காரணம், அக்கா யாரிடமும் இதைச் சொன்னதில்லை. அப்பா இறந்தபோது அவள் பள்ளிக்கூடக் கடைசி வகுப்பு. ஒரு வருஷம் பட்டறைக்குப் போனாள், அடுத்த வருஷம் கல்லூரி என்று பேச்சு. அதற்குள் தம்பியும் பள்ளி முடித்தான். இரண்டு பேருக்கும் விண்ணப்பப் படிவம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அம்மா ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற இடத்தில் நின்றுகொண்டே வேலை பார்த்துக் கால் வீங்கி வந்த சமயம். இரண்டு பேர் படிக்க முடியாது என்று அம்மாவால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அக்கா சொல்ல வைக்கவும் இல்லை. படிவம் காணாமல் போயிற்று, கடைசித் தேதி தாண்டிப்போயிற்று, "போனா போகுது, எனக்குத் தையல்தான் புடிச்சிருக்கு," என்று சிரித்துவிட்டாள். ஐந்து வருஷமாக அந்தப் பொய்யைத் தான் எவ்வளவு சாமர்த்தியமாகக் காப்பாற்றிவிட்டோம் என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமைகூட உண்டு.

பாட்டு முடிந்தது. அக்கா இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். விரல் இரத்தம் கன்னத்தில் தீற்றிக்கொண்டது, அவளுக்குத் தெரியவில்லை.

"தெரிஞ்சே தேடுனியாடா?"

"அன்னிக்கே டப்பாவ நகத்துனப்ப பாத்துட்டேன்க்கா." தம்பி மைக்கை விட்டு விலகி நின்றான். "எடுத்துக் குடுத்திருக்கணும். குடுத்தா நீ போயிடுவ, நான் நின்னுடுவேன்னு பயம். இத எழுதிட்டு உன்கிட்ட காட்டத் தைரியம் வரல. கத்திப் பாடிட்டா சொன்ன மாதிரியும் ஆச்சு, சொல்லாத மாதிரியும் ஆச்சு."

மருந்துக்கடை தன் கிட்டாரின் கம்பிகளை எண்ணுகிறவன் போலக் குனிந்துகொண்டான். கிளாஸ் பையன் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டான்.

அக்கா எழுந்து மறுபடி மேடையேறினாள். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. நேராக முக்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"எந்திரி தம்பி. நல்லா வாசிக்கிற, வேற எடத்துல வாசி."

பையன் சட்டென்று எழுந்தான். தம்பி, "அக்கா, நாளைக்கு..." என்று ஆரம்பித்தான்.

"நாளைக்கு என்ன நாளைக்கு? ஒரு தடவ உனக்கு விட்டுக் குடுத்தேன். அது போதும்டா. இத விட மாட்டேன்."

முக்காலியில் உட்கார்ந்து காலை வாகாக வைத்துக்கொண்டாள். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கின் பக்கம் திரும்பினான். அக்கா நாலு எண்ணினாள்.